பிறப்பறியாத ஒரு சொல்

ரெட்டியார்பாளையம்,
8.6.2025

அன்புள்ள பாத்திமாக்கா,

இந்தக் கடிதத்தை மூன்றாவது தடவையாக ஆரம்பிக்கிறேன். முதல் இரண்டும் கிழிந்து குப்பைக்கூடைக்குப் போய்விட்டன. உங்கள் போனுக்கு அடித்து அடித்து ஓய்ந்துவிட்டேன். வாட்ஸப்பில் அனுப்பியதும் எதுவும் போய்ச் சேரவில்லை. என் எண்ணைத் தடுத்துவிட்டீர்கள் என்று புரிந்தது. அதனால்தான் தபால். லாஸ்பேட்டை தபால் ஆபீஸில் உறை வாங்கும்போது அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்தக் காலத்தில் காரைக்காலுக்குக் கடிதம் எழுதுகிறவள் யாராவது உண்டா என்று நினைத்திருப்பார்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. கேட்டுக்குப் பக்கத்தில் நம் கரும்பலகை வெறுமனே நிற்கிறது. பிரின்சிபால் என்னைத் தனியாகவே எழுதச் சொன்னார். முதல் நாள் கையில் சாக்பீஸ் எடுத்தேன், புதிதாக ஒன்றும் எழுத வரவில்லை. பழைய 'கர்ஃப்யூ'வையே எழுதினேன். பிரெஞ்சில் 'கூவ்ர் ஃபே', அடுப்பை மூடு. பழைய காலத்தில் மணி அடித்ததும் ஊரே அடுப்பை மூடிவிட்டு அடங்க வேண்டும் என்று நீங்கள் எழுதித் தந்த அதே வரிகள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பலகையைப் படிக்காமல் உங்களைத்தான் விசாரித்தார்கள்.

பதினோரு வருடம், அக்கா. தினம் ஒரு ஆங்கிலச் சொல், அதன் பிறப்புக் கதையோடு. நான் சொல்லைத் தேடிப் பிடிப்பேன், நீங்கள் சரிபார்ப்பீர்கள். குறைந்தது இரண்டு அகராதியாவது ஒரே மாதிரி சொன்னால்தான் அந்தப் பெரிய நோட்டில் பச்சை மையில் 'க.பா.' என்று கையெழுத்துப் போடுவீர்கள். அது விழாமல் ஒரு சொல்லும் பலகைக்குப் போனதில்லை. 'பாப்பிகாக்' ஞாபகம் இருக்கிறதா? வெட்டிப் பேச்சுக்கான அந்தச் சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது என்பதில் சண்டை இல்லை. ஆனால் ஒரு அகராதி மெத்தென்ற சாணி என்றது, இன்னொன்று பொம்மைச் சாணி என்றது. இரண்டு சாட்சியும் ஒத்துப்போகவில்லை என்று மூன்று மாதம் அதை நிறுத்திவைத்தீர்கள். சாணியில் என்ன அக்கா வித்தியாசம் என்று நான் கேட்டதற்கு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

பிப்ரவரிக் கூட்டத்தைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. பலகைச் சொற்களைத் தொகுத்த நம் புத்தகத்துக்குப் பாராட்டு என்று மாலை, சால்வை எல்லாம் வாங்கி வைத்திருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த அந்த அகராதி ஆசிரியர், உங்களைத் தன் குழுவில் சேர்த்துக்கொள்வதாக இருந்தவர், எழுந்து, ஏமாற்றுவதைக் குறிக்கும் 'பாம்பூசில்' நம் புதுச்சேரியில் பிறந்தது என்ற கதையை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டார். தான் தேடிய எந்த அகராதியிலும் அது இல்லை என்றார். நீங்கள் நோட்டை மேடைக்குக் கொண்டுவரச் சொல்லித் திறந்தீர்கள். நீங்கள் மைக்கில் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "என் கையெழுத்துதான். நாந்தான் பாத்துருக்கேன். தப்பு என்னுது."

நான் உங்கள் பக்கத்து நாற்காலியில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. மறு வாரமே நீங்கள் பள்ளியையும் விட்டு, சென்னை வேலையும் வேண்டாம் என்று எழுதிவிட்டு, முல்லா வீதி வீட்டைப் பூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டீர்கள். நோட்டைத் திறந்த அந்த நிமிஷமே உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். உங்கள் கோபம் நியாயமானது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

நிர்மலா


காரைக்கால்,
22.6.2025

நிர்மலாவுக்கு,

உன் கடிதம் 14ஆம் தேதி வந்தது. பதில் எழுத எட்டு நாள் ஆகிவிட்டது, இப்போதெல்லாம் எனக்கு அப்படித்தான்.

உன் எண்ணை நான் தடுக்கவில்லை. போனை ஸமீஹாவிடம் கொடுத்துவிட்டேன். தம்பி மகள், காலேஜ் படிக்கிறாள், அவளுக்குத் தேவை. அவள் வேறு எண் போட்டுக்கொண்டாள். எனக்குப் போனில் பேசப் பிடிக்கவில்லை. எதிரில் இருப்பவர் கேட்கும் கேள்விக்கு உடனே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தப்பாகச் சொல்லிவிட்டால் திருத்த முடியாது. கடிதம் என்றால் படித்துப் பார்த்துக் கிழிக்கலாம்.

கோபம் என்று எழுதியிருக்கிறாய். யார்மேல்? நீ ஏன் எழுந்து நின்றிருக்க வேண்டும்? என் தப்புக்கு நீ நின்று என்ன ஆகப்போகிறது? உன் பெயர் போட்ட முதல் புத்தகம். அதைக் கெடுத்தவள் நான். உன்னிடம் மன்னிப்புக் கேட்காமல் ஊரைவிட்டு வந்தது இரண்டாவது தப்பு. இப்போது கேட்கிறேன்.

யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், நோட்டில் அந்தச் சொல்லுக்கு எதிரே எழுதியிருந்த இரண்டு அகராதிகளையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே வார்த்தைதான்: பிறப்பு தெரியவில்லை. மூங்கில் படியும் இல்லை, புதுச்சேரிக் கடைத்தெருவும் இல்லை. ஆனால் என் பச்சை மை இருக்கிறது. அப்படியானால் இல்லாத ஒன்றை நான் அந்தப் பக்கங்களில் படித்திருக்கிறேன். படித்து, சரி என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். போட்டது சுத்தமாக ஞாபகமில்லை.

என் அத்தாவுக்கு மறதி நோய் எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு நான் சொன்னதில்லை. காலையில் பேப்பரை உரக்கப் படிப்பார். ஒரு நாள், பேப்பரில் இல்லாத செய்தியைப் படித்தார். அரியாங்குப்பம் ஆற்றுப் பாலத்தில் ரயில் போகிறது என்று. நாங்கள் சிரித்தோம். எங்களைக் கேலி செய்கிறார் என்று நினைத்தோம். ஆறு வருடத்தில் என் பெயர் போய்விட்டது அவருக்கு.

அவரும் கடைசிவரை நம்பினார், அது பேப்பரில் இருந்தது என்று. எனக்கு அதுதான் பயம். சென்னைக்காரர்களுக்கு அதனால்தான் வேண்டாம் என்று எழுதினேன். அகராதி செய்கிற இடத்தில் என்னைப் போல ஒருத்தி உட்காரக் கூடாது.

பலகையை விட்டுவிடாதே. ஆனால் சாட்சி இல்லாமல் எழுதாதே.

கனீஸ் பாத்திமா


ரெட்டியார்பாளையம்,
6.7.2025

(அனுப்பாதது)

அக்கா,

உங்களுக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கையெழுத்து நான் போட்டது.

2019இல் நீங்கள் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவில் போனீர்கள். பத்து நாளைக்கும் பத்து சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனீர்கள். 'பாம்பூசில்' சீட்டில் பொருள், ஏமாற்றுவது என்று போட்டு, கீழே "பிறப்பு தெரியவில்லை, அப்படியே எழுது" என்று அடிக்கோடு போட்டிருந்தீர்கள். அன்றைக்குத்தான் கல்வித் துறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வாசலில் கோலம், சந்தனக் கிண்ணம், எல்லோரும் பலகையைச் சுற்றி நிற்கிறார்கள். தெரியவில்லை என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் நம் கடைத்தெருவில் மூங்கில் படியால் அளந்தார்கள், அடியில் மெழுகை 'சீல்' போல அப்பி அளவைக் குறைத்தார்கள், ஏமாந்த கப்பல்காரர்கள் அந்தச் சொல்லை ஊருக்குக் கொண்டுபோனார்கள். சாக்பீஸ் தேயும் நேரத்தில் மனதில் தோன்றியது. அவ்வளவுதான். வந்தவர்களில் ஒருவர் "அட, நம்ம ஊரு சொல்லா இது?" என்று போனில் படம் எடுத்துக்கொண்டார். பிரின்சிபால் எல்லோர் முன்பும் என்னைப் பாராட்டினார். பதினோரு வருடத்தில் அந்தப் பலகைக்குக் கைதட்டியது அன்றைக்கு மட்டும்தான்.

பலகையை அழித்துவிட்டேன். ஆனால் நோட்டில் அந்த வரி காலியாக இருந்தால் நீங்கள் கேட்பீர்கள். கதையையும் இரண்டு அகராதியின் பெயரையும் எழுதினேன். மேஜை இழுப்பறையில் உங்கள் பச்சைப் பேனா இருந்தது. உங்கள் 'பா'வின் கால் கொஞ்சம் உள்ளே வளையும். அதையும் பார்த்துப் பார்த்து வளைத்தேன்.

ஐந்து வருடம் கழித்துப் புத்தகத்துக்குச் சொற்களைப் பொறுக்கும்போது, பச்சை மை விழுந்ததை மறுபடி பார்க்கத் தேவையில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அன்று மேடையில் அந்த 'பா'வை நீங்கள் விரலால் தடவிப் பார்த்தீர்கள். உங்களுக்குத் தெரிந்துவிட்டது, என்னைக் காட்டிக்கொடுக்காமல் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று இத்தனை நாள் நினைத்தேன். உங்கள் மௌனத்தைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன், தூங்கினேன்.

என்னைச் சந்தேகப்பட உங்களுக்குத் தோன்றவே இல்லை. உங்கள் புத்தியையே சந்தேகப்பட்டிருக்கிறீர்கள்.


ரெட்டியார்பாளையம்,
9.7.2025

அன்புள்ள பாத்திமாக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. மனசு கஷ்டமாகிவிட்டது. நீங்கள் நினைக்கிற மாதிரி ஒன்றும் இருக்காது. நானே மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு பூராவும் தேடுகிறேன். போன வாரம் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போய்விட்டு, பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். மறதி என்பது வயதானால் எல்லாருக்கும் வருவதுதான், அக்கா. நீங்கள் அதிகமாக யோசித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். எதற்கும் ஒரு நல்ல டாக்டரைப் பார்த்துவிடுங்கள். மணக்குள விநாயகருக்கு உங்களுக்காக ஒரு அர்ச்சனை வைக்கிறேன்.

பதிப்பகத்தார் இரண்டாம் பதிப்பு போடுவதாகச் சொல்கிறார்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறேன். யாரும் கவனிக்கப்போவதில்லை. என்மேல் உங்களுக்குக் கோபம் இல்லை என்று எழுதியது ஆறுதலாக இருந்தது.

நேற்று பலகையில் 'நின்கம்பூப்' எழுதினேன். முட்டாள் என்று பொருள், பிறப்பு உறுதியில்லை என்று அப்படியே எழுதிவிட்டேன். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள்.

நிர்மலா


காரைக்கால்,
3.8.2025

நிர்மலா,

நீ சொன்னபடி டாக்டரைப் பார்த்தேன். நரம்பு டாக்டர், சின்ன வயசுக்காரர். கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். கைத் தசையைத் தட்டிப் பார்த்தபோது, 'மஸில்' என்றால் லத்தீனில் சுண்டெலி, தோலுக்குக் கீழே அசைவது சுண்டெலி ஓடுகிற மாதிரி இருப்பதால் வைத்த பெயர் என்று சொன்னேன். டாக்டர் சிரித்தார். கூட வந்த தம்பி ஹாஜா சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் "அக்கா, டாக்டர்கிட்ட எலி கதையெல்லாம் ஏன் சொல்ற?" என்று கேட்டான். அவன் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது, அதையும் அவன் நோயின் கணக்கில் சேர்த்துவிட்டான்.

இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் நான் கையெழுத்து விஷயத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அத்தாவுக்கும் இருந்தது என்பதால் கவனமாக இருக்கச் சொன்னார். ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வர வேண்டும்.

என் தம்பி வீட்டில் எல்லோரும் நல்லவர்கள். நல்லவர்களாக இருப்பதால்தான் கஷ்டம். என்னைக் கேஸ் பற்றவைக்க விடுவதில்லை. மார்க்கெட்டுக்குத் தனியாக அனுப்புவதில்லை. சேலைக் கடைக்குப் போனால் ஸமீஹா என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். நான் அவளுக்கு நடை பழக்கியவள். காலையில் விழித்ததும், கண்ணைத் திறக்கும் முன்னால், எல்லோர் பெயரையும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். பிறகு கிழமை. பிறகு நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டேன் என்று. எல்லாம் சரியாக வந்தாலும் நம்பிக்கை வரவில்லை. அத்தாவும் தனக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத்தானே நினைத்துக்கொண்டிருந்தார்?

ஒரு உதவி. என் ஆறு அகராதிகளையும் உனக்குக் கொடுக்கிறேன். ஹாஜா 16ஆம் தேதி கடைக்குச் சரக்கு எடுக்க அங்கே வருகிறான், கொண்டுவந்து தருவான். அவை இங்கே இருந்தால் நான் திறந்து பார்ப்பேன். பார்த்ததை நம்பலாமா என்று தெரியாமல் ஒரு சொல்லை நான்கு தடவை படிக்கிறேன். போன வாரம் 'மேடே'யை எடுத்தேன். ஆபத்தில் கப்பலும் விமானமும் கூப்பிடும் சொல், பிரெஞ்சில் எனக்கு உதவு என்பதன் திரிபு. எனக்கு முப்பது வருடமாகத் தெரிந்த சொல். அதைப் படித்துவிட்டு, மூடிவிட்டு, திரும்பத் திறந்து பார்த்தேன். அழுகை வந்துவிட்டது.

உன்னிடம் இருந்தால் அவற்றுக்கு மரியாதை இருக்கும். எனக்குத் தெரிந்தவர்களில் பொறுப்பாக இருப்பவள் நீதான்.

கனீஸ் பாத்திமா


ரெட்டியார்பாளையம்,
17.8.2025

அக்கா,

ஹாஜா நேற்று வந்தார். அரிசிச் சாக்கில் சுற்றி ஆறையும் தலையில் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறினார். ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை. வாசலில் செருப்பு போட்டுக்கொண்டே சொன்னார்: "எல்லாம் கரெக்டாத்தான் பேசுது டீச்சர். ஆனா அதுவே சொல்லுது, எனக்கு ஆரம்பிச்சிருச்சின்னு. நாங்க என்ன பண்றது சொல்லுங்க."

அதற்குப் பிறகும் நான் உடனே எழுதவில்லை. சாக்கைப் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் உங்கள் துண்டுத்தாள்கள். எழுத வேண்டாம் என்று நீங்கள் ஒதுக்கியவற்றுக்கும் காரணம் எழுதிவைத்திருக்கிறீர்கள். ஆடம்பரம் என்று பொருள் தரும் 'பாஷ்' இருந்தது. இந்தியாவுக்கு வந்த கப்பலில் பணக்காரர்களின் அறை எந்தப் பக்கம் என்பதன் சுருக்கம் அது என்று ஊரெல்லாம் சொல்லும் கதை. அது பலகையில் வர வேண்டும் என்று பிரின்சிபாலே கேட்டும் மறுத்தீர்கள். துண்டில் "அழகான கதை. ஆதாரம் இல்லை." என்று நான்கே வார்த்தை. அதைப் படித்தபின் உட்கார முடியவில்லை.

உங்களுக்கு எந்த நோயும் இல்லை. அந்தக் கையெழுத்து நான் போட்டது. இதோடு இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். ஜூலை ஆறாம் தேதி எழுதி அனுப்பாமல் பீரோவில் வைத்தது. நடந்தது எல்லாம் அதில் இருக்கிறது, அதைவிடச் சரியாக இப்போது எழுத வராது. தேதியை மாற்றியிருக்கலாம். கிழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருக்கலாம், நீங்கள் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். இனிமேல் உங்களிடம் அப்படி எதையும் செய்ய மாட்டேன்.

ஏன் அனுப்பவில்லை என்று கேட்பீர்கள். உங்களுக்குத் தெரியாது என்று தெரிந்த பிறகுதான் எனக்குப் பயமே வந்தது. அடுத்த வருடம் பள்ளியின் துணை முதல்வர் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது. புத்தகம் இரண்டாம் பதிப்புக்குப் போகிறது. நான் கோழை, அக்கா. வேறு பெயர் இல்லை அதற்கு.

இதை ஹாஜாவிடம் காட்டுங்கள். அந்த டாக்டரிடமும் காட்டுங்கள். முதலில் அதைச் செய்யுங்கள். என்னை அப்புறம் திட்டலாம்.

நிர்மலா


ரெட்டியார்பாளையம்,
7.9.2025

அக்கா,

ஸ்பீட் போஸ்ட் 20ஆம் தேதியே உங்கள் வீட்டில் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டார்கள் என்று போனில் காட்டுகிறது. உங்கள் பதிலைக் கேட்டு இதை எழுதவில்லை. இங்கே நடந்ததை நீங்கள் வேறு யாரிடமிருந்தோ தெரிந்துகொள்ளக் கூடாது.

போன திங்கட்கிழமை காலை வழிபாட்டில், எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நிற்கும்போது, மைக்கை வாங்கிச் சொன்னேன். அந்தக் கதை நான் கட்டியது, பாத்திமா மிஸ் கையெழுத்தை நான் போட்டேன், அவர்கள் அந்தக் கதையைப் பார்க்கவே இல்லை என்று. முன்கூட்டிப் பிரின்சிபாலிடம் சொன்னால் தடுத்துவிடுவார் என்று சொல்லவில்லை.  ஒன்பதாம் வகுப்புக் கலைமகள் மட்டும் வரிசையிலிருந்தே கேட்டாள்: "அப்போ பாத்திமா மிஸ்ஸுக்கு ஒண்ணுமில்லையா மிஸ்?" உங்களுக்கு மறதி நோய் என்ற பேச்சு பிள்ளைகள்வரை போயிருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒன்றுமில்லை என்றேன். அவள் அழுதாள்.

பிரின்சிபால் பலகையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். துணை முதல்வர் பேச்சு முடிந்தது. வேலையை விடச் சொல்லவில்லை, சொன்னால் விட்டுவிடுவேன். சென்னை அகராதி ஆசிரியருக்கும் பதிப்பகத்துக்கும் என் கையெழுத்தோடு எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டாம் பதிப்பை நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் ஒன்றை நிறுத்த முடியவில்லை. நேற்று எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில், அரியாங்குப்பத்திலிருந்து என் மச்சினர் ராஜவேல் ஒரு செய்தி போட்டார். ஆங்கிலேயருக்கே சொல் கொடுத்த நம் புதுவை என்று தலைப்பு, கீழே மூங்கில் படி, மெழுகு, கப்பல்காரர்கள். கூடவே மகாராஜாவின் அரண்மனை என்று புதிதாக யாரோ சேர்த்திருக்கிறார்கள். பதினேழு பேர் கைகூப்பியிருந்தார்கள். அது பொய், அதைச் சொன்னது நான் என்று போட்டேன். ஏம்மா நல்ல விஷயத்தைக் கெடுக்கிறாய் என்று கேட்டார்.

மன்னிப்பு என்ற வார்த்தையை நான் இந்த இரண்டு கடிதத்திலும் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். கேட்கத் தகுதி இல்லை என்பதால்தான்.

நிர்மலா


காரைக்கால்,
21.9.2025

நிர்மலாவுக்கு,

உன் இரண்டு உறைகளும் வந்தன. இந்தப் பதிலை ஐந்து தடவை எழுதினேன். மறதியால் அல்ல, கோபத்தால். நான்கிலும் எழுதக் கூடாத சொற்கள் இருந்தன. அவற்றின் பிறப்பெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

முதல் உறை வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். படித்தேன். முதலில் வந்தது கோபம் இல்லை, சந்தோஷம். சின்னப் பிள்ளை மாதிரி சத்தமாகச் சிரித்தேன். ஸமீஹா பயந்துபோய் ஓடி வந்தாள். அவளிடம் கொடுத்தேன், அவள் ஹாஜாவிடம் கொடுத்தாள். அவன் நின்றபடியே இரண்டு தடவை படித்தான்.  அலமாரிக்கு மேலே ஒளித்துவைத்திருந்த கேஸ் லைட்டரை எடுத்து என் கையில் வைத்தான். அன்று எல்லோருக்கும் நானே டீ போட்டேன். குடித்துக்கொண்டிருக்கும்போதே அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். ஆறு மாதம் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவன், என் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டான். அவன் என்ன தப்பு செய்தான்?

டாக்டரிடமும் காட்டினேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னார். இனி வர வேண்டாம், எலிக் கதை சொல்வதாக இருந்தால் மட்டும் வாருங்கள் என்றார்.

சென்னையிலிருந்து கடிதம் வந்தது. உன் கடிதத்தை வைத்து மறுபடி கூப்பிடுகிறார்கள். அக்டோபரில் சேர்கிறேன். உன் பேரில் நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று நான் எழுதவில்லை, வேண்டும் என்றும் எழுதவில்லை.

ஒரு பெரிய அமெரிக்க அகராதியில் 'டோர்ட்' என்று ஒரு சொல் ஐந்து வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. அப்படி ஒரு சொல்லே கிடையாது. ஒரு துண்டுச் சீட்டைத் தப்பாக எடுத்துக்கொண்டு ஏற்றிவிட்டார்கள். தெரிந்ததும் எடுத்துவிட்டார்கள். யாரும் யாரையும் வெறுக்கவில்லை. தப்பு யாருக்கும் வரும். நீ பலகையில் கதை கட்டியதை நான் மன்னித்துவிட்டேன். கைதட்டலுக்கு ஆசைப்பட்டாய், சரி. என் 'பா'வை வளைத்ததையும் மன்னிக்கலாம், பயம். மேடையில் வாயை மூடிக்கொண்டதற்கும் அதே பயம்தான், நானும் பயந்தவள்தான், எனக்குப் புரியும். எனக்கும் பங்கு உண்டு. அந்தச் சொல்லை அச்சுத்தாளில் பார்த்தபோது ஞாபகமில்லையே என்று தோன்றியது. கதை நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன். நம் ஊர்ச் சொல்லாக இருக்கட்டுமே என்று எனக்கும் ஒரு ஆசை.

ஆனால் ஜூலை ஆறாம் தேதிக் கடிதத்தையும் ஒன்பதாம் தேதிக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடையில் மூன்று நாள். ஆறாம் தேதி உனக்கு எல்லாம் தெரியும். எழுதியும் வைத்திருக்கிறாய். ஒன்பதாம் தேதி, வயதானால் எல்லாருக்கும் வருவதுதான், டாக்டரைப் பாருங்கள், அர்ச்சனை வைக்கிறேன் என்று எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, பெட்டியில் போட்டிருக்கிறாய். நீ பொய்க்காரி ஆவதைவிட நான் புத்தி கெட்டவள் ஆவது பரவாயில்லை என்று அந்த மூன்று நாளில் முடிவு செய்திருக்கிறாய். அதற்கு நான் எந்த அகராதியைத் திறந்து பார்த்தாலும் ஒரு சொல் கிடைக்கவில்லை, நிர்மலா. நான் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, என்மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன்.

அதை மட்டும் இப்போதைக்கு மன்னிக்க முடியவில்லை. முடிந்தால் எழுதுவேன். முடியாவிட்டாலும் எழுதுவேன், நீ காத்துக்கொண்டிருக்கக் கூடாது.

அகராதிகளைத் திருப்பி அனுப்பு. ஆறையும். எனக்கு வேலை இருக்கிறது.

கனீஸ் பாத்திமா